பள்ளி, நோன்பு, தொழுகை

இஸ்லாத்தின் நம்பிக்கைகளை விளக்க எழுந்த தமிழ் நூல்களில், முழுமையாகக் கிடைத்திருப்பவற்றுள் முந்தியது 1572ஐச் சேர்ந்த ‘ஆயிர மசலா’. அதிசய புராணம் என்றும் அதற்குப் பெயர் உண்டு. செய்தவர் வண்ணப் பரிமளப் புலவர். அப்துல்லா இப்னு சலாம் என்ற யூத அறிஞர் நபிகளிடம் கேள்வி மேல் கேள்வியாகக் கேட்கிறார். கடவுள், மலக்குகள், படைப்பு, சொர்க்கம், நரகம், இறுதிநாள் என்று கேள்விகள் விரிகின்றன. விடைகளில் நிறைவுற்று அவர் இஸ்லாத்தில் சேர்கிறார். மசலா என்ற அரபுச் சொல்லுக்குக் கேள்வி என்று பொருள். அந்தச் சொல்லையும் புராணம் என்ற சொல்லையும் ஒரே நூலின் பெயர்களாகத் தாங்குவதில் அந்தப் புலவருக்கு ஒரு சங்கடமும் இருந்ததாகத் தெரியவில்லை.

இதே கேள்வி-பதில் கதை 12ஆம் நூற்றாண்டின் நடுவில் லத்தீனுக்குப் போயிற்று. க்ளூனி மடத்துத் தலைவர் பீட்டர் செய்வித்த மொழிபெயர்ப்புகளில் அது ஒன்று. நோக்கம், இஸ்லாத்தை மறுப்பது. மலாய்க்கும் ஜாவானியத்துக்கும் தமிழுக்கும் அது வந்த காரியம் வேறு. மறுப்பவனுக்கு அந்நியச் சொல் அந்நியமாகவே இருந்துவிடலாம். அது அவனுக்குச் சௌகரியமும்கூட. ஒரு மதத்துக்குள் வாழப்போகிறவனுக்கு அது போதாது. விடியலில் எழுந்ததிலிருந்து இரவு படுக்கும்வரை புழங்குவதற்கு அவனுக்குச் சொற்கள் வேண்டும். தமிழ் முஸ்லிம்கள் அந்தச் சொற்களை எங்கிருந்து எடுத்தார்கள் என்பதே இங்கே என் விஷயம்.

இஸ்லாத்தின் கடமைகள் ஐந்து: கலிமா, தொழுகை, நோன்பு, ஜகாத், ஹஜ். தமிழ் முஸ்லிம் வீட்டுக் குழந்தை மனப்பாடமாய்ச் சொல்லும் இந்த வரிசையில் இரண்டு தமிழ், மூன்று அரபு. வட இந்தியாவில் நமாஸ், ரோஜா என்கிறார்கள். இரண்டும் பாரசீகம்; நமாஸ் என்பது இஸ்லாத்துக்கு முன்பே ஈரானில் வழிபாட்டைக் குறித்த சொல். மலாய்க்காரர்கள் நோன்பைப் ‘புவாசா’ என்கிறார்கள். நம்முடைய உபவாசம்தான் அது. ஆக, பழைய சொல்லில் புதிய மதத்தை ஏற்றியது தமிழ் மட்டுமல்ல. ஆனால் ஏன் இந்த இரண்டு மட்டும் தமிழாயின, மற்ற மூன்றும் ஆகவில்லை என்ற கேள்வி நிற்கிறது.

முதலில் பள்ளி. கடமைகளின் பட்டியலில் இல்லையென்றாலும் கடமை நடக்கும் இடம் அது. கிறிஸ்துவுக்கு முந்திய நூற்றாண்டுகளைச் சேர்ந்த மாங்குளம் குகைக் கல்வெட்டுகளிலேயே இந்தச் சொல் சமணத் துறவிகளின் உறைவிடத்தைக் குறிக்கிறது. பௌத்த, சமண நிறுவனங்களுக்கு விட்ட நிலம் பள்ளிச்சந்தம். பாண்டியர் காலத்தில், கடற்கரைப் பட்டினங்களில் குடியேறியிருந்த சோனகர்கள் தம் தொழுமிடத்துக்கு இந்தச் சொல்லைப் பெற்றுவிட்டார்கள். கோயில் என்று அதை யாரும் சொல்லவில்லை. கோயிலில் ஒரு மூர்த்தி வாசம் செய்கிறது; பள்ளியில் வாசம் செய்தவர்கள் மனிதர்கள். இந்த வித்தியாசம் தமிழ்க் காதுக்குத் தெரிந்திருக்கிறது. ஆனால் பழைய பள்ளி, வீட்டைத் துறந்தவர்களின் இடம். புதிய பள்ளிக்கு வந்தவர்களோ கடையைப் பூட்டிவிட்டு வந்து, தொழுது முடித்துக் கடைக்குத் திரும்பும் சம்சாரிகள்.

நோன்பிலும் இதே விஷயம் நடந்திருக்கிறது. நோற்றல் என்றால் பொறுத்தல், தாங்குதல். கோவலன் கண்ணகி கதி கேட்டுக் கவுந்தியடிகள் உண்ணாநோன்பிருந்து உயிர்விடுகிறார். ஆண்டாளின் பெண்கள் மார்கழியில் பாவைநோன்பு இருக்கிறார்கள். முன்னது உடம்பைக் கழற்றி எறிவதற்கு. பின்னது ஒன்றைக் கேட்டுப் பெறுவதற்கு. ஹிஜ்ரி 2ஆம் ஆண்டில், அதாவது கி.பி. 624இல், கடமையாக்கப்பட்ட ரமலான் நோன்பு இரண்டுமல்ல. வைகறை தொடங்கி அஸ்தமனம்வரை சோறில்லை, தண்ணீரில்லை. அஸ்தமித்தவுடன் தாமதிக்காமல் உண்ண வேண்டும். இரவிலும் உண்ணாமல் நோன்பைத் தொடர்ந்துகொண்டே போவதை நபிகள் தடுத்தார்கள். நோயாளிக்கும் பிரயாணிக்கும் விலக்கு உண்டு. விட்ட நாளைப் பின்னால் நோற்றுக்கொள்ளலாம். உடம்பு இங்கே பகையல்ல. துறவியின் கடைசி ஆயுதமாக இருந்த சொல் ஒரு மாதத்துக்கு ஊரில் எல்லோருக்கும் பொதுவாகிவிட்டது. கூடவே புதிய வினைகளும் பிறந்தன: நோன்பு பிடிப்பது, நோன்பு திறப்பது. திறப்பது என்ற வினையில் ஒரு கதவு இருக்கிறது. அகராதிக்காரர் யாரும் உட்கார்ந்து செய்ததல்ல அது.

தொழுகை இன்னும் கடினமான உதாரணம். தொழுதல் என்றதும் நமக்குத் தோன்றுவது கூப்பிய கைகளும் எதிரே ஒரு உருவமும். கிழக்கு நோக்கிய கோயிலில் தெய்வத்தின் முன் நிற்பவன் மேற்கே பார்த்து நிற்கிறான். தமிழ்நாட்டுப் பள்ளியில் நிற்பவனும் ஏறக்குறைய மேற்கே பார்த்துத்தான் நிற்கிறான். முன்னவனுக்கு எதிரே கருவறை. பின்னவனுக்கு எதிரே மிஹ்ராப் என்னும் வெறும் மாடம். அது திசையைக் காட்டுகிறதே தவிர, அதில் யாரும் இல்லை. கை கூப்புவதில்லை, நின்று, குனிந்து, நெற்றி நிலத்தில் பட விழுகிறார்கள். நாளுக்கு ஐந்து வேளை. கடமையான ரக்அத்துகள் பதினேழு. நெற்றி நிலம் தொடுவது முப்பத்துநான்கு முறை. உருவத்தின் முன் கைகூப்புவதைக் காட்டிய சொல், உருவமே இல்லாத வழிபாட்டுக்குப் பெயராயிற்று. கீழக்கரையின் பழைய கல் பள்ளியைப் பார்க்கிறவர்களுக்கு இது விளங்கும். தூண்கள் நம் கோயில் மண்டபத்துத் தூண்களின் ஜாதி. பூவும் கொடியும் கோலமும் உண்டு. யாளியும் பாவையும் இல்லை. உளி பழையது, கை பழையது, செதுக்காமல் விட்டது புதிது.

சரி, மற்ற மூன்று? கலிமா, இறைவன் ஒருவன், முஹம்மது அவன் தூதர் என்ற சாட்சியம். சொற்களே செயலாக இருக்கும் இடம். மொழிபெயர்த்தால் பொருள் நிற்கும், செயல் நிற்காது. ஹஜ்ஜைத் தீர்த்தயாத்திரை என்று சொல்லியிருக்கலாம். ஆனால் அதற்கு ஒரே ஊர், ஒரே மாதம், குறித்த நாட்கள்; வசதியுள்ளவனுக்கு ஆயுளில் ஒருமுறை கடமை. காசிக்கும் ராமேசுவரத்துக்கும் போவதோடு இது சேராது.

மூன்றில் ஜகாத்தை மிக முக்கியமாக நினைக்கிறேன். ஈகை, கொடை, தானம், தருமம் என்று தமிழில் சொல்லுக்கா பஞ்சம்? நம் பழைய கவிதையில் பாதி கொடையைப் பாடியதுதான். ஆயினும் அவற்றில் ஒன்றையும் எடுக்கவில்லை. கொடை, கொடுப்பவனின் பெருமை. ஜகாத் கணக்கு: குறித்த அளவுக்கு மேல் ஓராண்டு கையில் நின்ற செல்வத்தில் நாற்பதில் ஒரு பங்கு. பெற உரியவர்கள் எட்டு வகையினர் என்று குர்ஆனே வரையறுக்கிறது. வாங்குகிறவன் பாட வேண்டியதில்லை. அவன் பங்கை அவன் வாங்கிக்கொள்கிறான். வள்ளலையும் இரவலனையும் எதிரெதிரே நிறுத்திப் பழகிய சொல்லால் இதைச் சொல்ல முடியாது என்று யாரோ உணர்ந்திருக்கிறார்கள். அப்படி மொழிபெயர்க்காமல் விட்டதை நம் கொடைமரபின் மேல் வைத்த விமர்சனமாகவே நான் படிக்கிறேன்.

எடுத்த அரபுச் சொற்களும் அரபாகவே இருந்துவிடவில்லை. நாயன்மார் என்பதுபோல நபிமார், சஹாபிமார் ஆனார்கள். எதிர்த்திசையிலும் போக்குவரத்து உண்டு. அரபுத் தமிழ் என்ற முறையில் தமிழ் அரபு எழுத்தில் எழுதப்பட்டது. அரபியில் இல்லாத நம் ஒலிகளுக்காகப் புள்ளியிட்டுப் புதிய எழுத்துகள் செய்துகொண்டார்கள். கீழக்கரை மாப்பிள்ளை லெப்பை ஆலிம் (1816–1898) போன்றவர்கள் அதில் மார்க்க நூல்களே எழுதினார்கள்.

நம் இலக்கியச் சரித்திரங்கள் இதையெல்லாம் ‘இஸ்லாமியத் தமிழ் இலக்கியம்’ என்று தனிப்பெட்டியில் போட்டு, சீறாப்புராணத்துக்கு ஒரு பத்தி ஒதுக்கி மூடிவிடுகின்றன. உமறுப்புலவர் அரபு நாட்டில் ஆறு பெருக்கி நெல் விளைவித்தார் என்பதைச் சொல்லிச் சிலாகிப்பதோடு சரி. எனக்கு அந்த நெல்லைவிட நோன்பு என்ற ஒரு சொல் பெரிய சாதனையாகப் படுகிறது. காவிய மரபு கேட்டதைப் புலவர் கொடுத்தார். நோன்பு என்ற சொல்லிலோ மரபு தனக்குத் தெரியாத ஒன்றைச் சொல்லவேண்டி வந்தது.

இந்தப் பத்திரிகையைப் படிக்கிற நமக்கு இதில் சொந்த சம்பந்தம் உண்டு. இருத்தலியம், படிமம் என்று நாமும் சொற்கள் செய்தோம். சர்ரியலிசத்தை அப்படியே வைத்துக்கொண்டோம். எதை ஏன் மொழிபெயர்த்தோம், எதை ஏன் விட்டோம் என்று நம்மில் எத்தனை பேரால் காரணம் சொல்ல முடியும்? தொழுகைக்குப் புதிய பொருள் சொற்பட்டியலிலிருந்து வரவில்லை. தினம் ஐந்து வேளை முழங்காலும் நெற்றியும் அந்தச் சொல்லுக்கு உழைத்திருக்கின்றன. நம் சொற்களுக்கு நாம் அப்படி எதையும் செய்ததாகத் தெரியவில்லை.