ஒருவேளையும் ஒரு வேளையும்

தமிழ் எழுத்தில் சொற்களுக்கிடையே இடம் விடும் வழக்கம் பழமையானதன்று. கல்வெட்டும் ஓலைச்சுவடியும் சொற்களை இடையறாது தொடுத்தே சென்றன. சுவடியில் மெய்யெழுத்தின் புள்ளியும் பெரும்பாலும் இடப்படவில்லை. படிப்பவரே சொல்லைப் பிரித்துப் பொருள் கொள்ளவேண்டியிருந்தது. பழைய ஏட்டுக் கல்வியில் பாதி இதுவே எனலாம். 1578இல் கொல்லத்தில் ‘தம்பிரான் வணக்கம்’ தமிழ் அச்செழுத்தில் வெளிவந்தது. அதன் பின்னரும் நெடுங்காலம் சென்றே, பத்தொன்பதாம் நூற்றாண்டில், ஆறுமுக நாவலர் (1822–1879) போன்றோர் உரைநடையில் நிறுத்தக் குறிகளைப் பயில வழங்கினர். சொல்லிடைவெளியும் அச்சின் வழியே படிப்படியாக நிலைபெற்றது.

இம்மாற்றத்தால் பெரிதும் இடர்ப்பட்டவை காலங் குறிக்கும் சொற்களே. ‘இப்பொழுது’, ‘அந்நாள்’ என்பவற்றில் ஐயமில்லை. சுட்டெழுத்துத் தனித்து நில்லாதாகலின் அவை ஒன்றியே நிற்கும். ‘அந்தக் காலம்’ என்பதோ பிரிந்து நிற்கிறது. எனினும் முதற்சொல்லின் ஈற்றில் மிக்க ககர மெய், இரண்டும் புணர்ந்த செய்தியைக் காட்டிவிடுகிறது. ‘நாடோறும்’ என்று புணர்த்து எழுதியதை இந்நாளில் ‘நாள்தோறும்’ என்கிறோம். சந்தியைக் கைவிட்டோம், இடைவெளியை மட்டும் விடவில்லை! ‘முன்னாள் தலைவர்’ என்பதில் ‘முன்’, ‘நாள்’ இரண்டும் கலந்து பதவி நீங்கியவர் என்னும் பொருளைத் தருகின்றன. தொகைச்சொல் ஒரு சொற்போல நடக்கும் என்று தொல்காப்பியர் கொண்டது இத்தகையவற்றுக்கு நன்கு பொருந்தும்.

ஆனால் புணர்ச்சியில் யாதொரு திரிபும் தோன்றாவிடத்து என் செய்வது? ‘ஒருவேளை’ அத்தகையது. ‘வேளை’ வடமொழி ‘வேலா’ என்பதன் திரிபு. பொழுது என்பது பொருள். ஒரு பொழுதில் நிகழக்கூடியது என்ற கருத்திலிருந்தே நிகழலாம், நிகழாதும் போகலாம் என்னும் ஐயப்பொருள் கிளைத்திருத்தல் வேண்டும். எழுத்து ஒன்றே, வேறுபாடு இடைவெளி ஒன்றில்தான் உளது.

இது வெறும் இலக்கணப் பூசலன்று. மட்டக்களப்புக்கு வடக்கே, கோறளைப்பற்றுத் தெற்கிலுள்ள கிரானை எண்ணிப் பார்க்க. மாரியில் வெள்ளம் பெருகுங்கால், மேற்கேயுள்ள வயலூர்களுக்குச் செல்லும் வீதி மூழ்கித் தோணியே துணையாகிறது. அத்தகைய நாளில், வீடிழந்து பள்ளிக்கூடத்தில் தங்கியிருப்போர்க்கென ‘நாளை ஒரு வேளை உணவு வழங்கப்படும்’ என ஓர் அறிவித்தல் ஒட்டப்படுவதாகக் கொள்வோம். எழுதுவோன் இடம் விடாது ‘ஒருவேளை’ என்று சேர்த்துவிடின், உறுதி ஐயமாகிவிடும். பிள்ளைகளோடு நிற்கும் தாய், சோறு வருமோ வராதோ என்று மயங்குவாள். வாய்ச்சொல்லாயின் குரலின் ஏற்ற இறக்கம் காத்துக்கொள்ளும். சுவரில் ஒட்டிய தாளுக்குக் குரல் ஏது?

ஆங்கிலமும் இவ்வழியே நடந்த மொழிதான். ‘டுடே’ என்பது ஆதியில் இரு சொல். பின்னர் நெடுங்காலம் நடுவே சிறு கோட்டுடன் எழுதப்பட்டது. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்திலும் அக்கோட்டை அச்சிற் காணலாம். இப்போது அது ஒரே சொல். ‘எவ்ரிடே’ சேர்ந்து நின்றால் ‘அன்றாட’ என்னும் அடைமொழி, பிரிந்து நின்றால் ‘ஒவ்வொரு நாளும்’. நம் மாணவர் அவ்வேறுபாட்டை மனனஞ் செய்கின்றனர். ‘ஒருவேளை’யை அவ்வாறு எவரும் அவர்க்குக் கற்பிப்பதில்லை.

ஈழத்து வழக்கில் ‘சிலவேளை’ என்பதும் இதே நிலையில் உளது. ‘சிலவேளை வருவார்’ என்றால் வரக்கூடும் என்றும், இடையிடையே வருவதுண்டு என்றும் பொருள்படும். முன்னையதைச் சேர்த்தும் பின்னையதைப் பிரித்தும் எழுதுதல் தகும் என்பது எம் கருத்து. அச்சகத்தார் இன்னும் இரண்டையும் ஒருபடித்தாகவே கோக்கின்றனர்.