நாலு ஸ்க்ரூ, ஒரு ஈட்டிப் பலகை, கொஞ்சம் டியூகோ

எலெக்ட்ரிக் கிடாரை வீணை, வயலின் வரிசையில் வைப்பதா, ரேடியோ, மிக்ஸி வரிசையில் வைப்பதா என்று எனக்கு ரொம்ப நாளாகவே ஒரு குழப்பம். கிட் ஒன்று வரவழைத்து, மூணு மாசம் மொட்டை மாடியில் உட்கார்ந்து பூட்டி, பெயிண்ட் அடித்து முடித்த பிறகு தெளிஞ்சு சொல்றேன்: அது தச்சுப் பட்டறைக்கும் ரேடியோ ரிப்பேர் கடைக்கும் பிறந்த பிள்ளை. ஒவ்வொரு பாகத்தையும் கையில் எடுக்கும்போது அதன் பின்னால் ஒரு கதை வந்து நின்றது. அந்தக் கதைகள்தான் இங்கே. கிட் பூட்டுவது எப்படி என்ற செய்முறை விளக்கத்தை எதிர்பார்த்து வந்தவங்க மன்னிக்கவும், அதுக்கு வீடியோ ஆயிரம் இருக்கு.

முதலில் அந்த நாலு ஸ்க்ரூ.

கிட் பெட்டியைப் பிரித்தால் உடம்பு தனியா, கழுத்து தனியா வரும். கழுத்தை உடம்பில் உள்ள பள்ளத்தில் வைத்து, பின்னாலிருந்து ஒரு இரும்புத் தகடு வழியாக நாலு ஸ்க்ரூ. அவ்வளவுதான், பசை கிடையாது. எலெக்ட்ரிக் கிடாரை இந்த மாதிரி மூட்டி, தொழிற்சாலையில் வரிசையாகச் செய்து விற்று ஜெயித்தவர் லியோ ஃபெண்டர். கலிஃபோர்னியாவில் ஃபுல்லர்டன் என்ற ஊரில் 1938-ல் ரேடியோ ரிப்பேர் கடை போட்டவர். வேடிக்கை என்னன்னா மனுஷனுக்குக் கடைசி வரை கிடார் வாசிக்கத் தெரியாது. வாசிக்கிறவங்க ரிப்பேருக்குக் கொண்டு வந்த ஆம்ப்ளிஃபயரையும் கிடாரையும் பிரிச்சுப் பார்த்துப் பார்த்தே தொழில் கற்றவர். கெட்டுப் போனால் கழற்றி மாற்றணும் என்பது ரேடியோ மெக்கானிக்கின் புத்தி. கிடாருக்கும் அதையே செய்தார். கழுத்து வளைஞ்சு போச்சா? நாலு ஸ்க்ரூவைக் கழற்று, வேற கழுத்தை மாட்டு.

1950-ல் அவர் கொண்டுவந்த கிடாருக்கு முதலில் பிராட்காஸ்டர் என்று பேர். அதே மாதிரிப் பேரில் கிரெட்ச் கம்பெனி டிரம்ஸ் வித்துக்கிட்டிருந்ததால் ஆட்சேபம் வந்தது. கொஞ்ச நாள் பேரை மட்டும் வெட்டிவிட்டு, மொட்டையா கம்பெனி பேரோடு விற்றார்கள். 1951-ல் டெலிகாஸ்டர் ஆனது. டெலிவிஷன் பிரபலமாகிக்கொண்டிருந்த காலம், அதனால் அந்தப் பேர். இன்று உலகத்தில் விற்கிற கிட்களில் பெரும்பகுதி இந்த டெலிகாஸ்டர், அல்லது 1954-ல் வந்த அதன் தம்பி ஸ்ட்ராட்டோகாஸ்டர் வடிவத்தில்தான் இருக்கு. காரணம் அந்த நாலு ஸ்க்ரூ. கிப்சன் மாதிரி பசை போட்டு ஒட்டுற கிடாரை வீட்டில் பூட்டுவது இன்னும் கஷ்டம்.

நம்ம பக்கத்து மரபு இதுக்கு நேர் எதிர். தஞ்சாவூர் வீணையில் ஏகாண்ட வீணை என்று ஒரு வகை உண்டு. குடம், தண்டி, யாளி முகம் எல்லாம் ஒரே பலா மரத்தில் குடைந்து எடுப்பது. ஒட்டு இல்லாததுதான் அதன் பெருமை, விலையும் அதுக்குத்தான். எது உயர்ந்தது என்று பட்டிமன்றம் வைக்க நான் வரலை (மதுரைக்காரனுக்கு அந்த ஆசை சுலபத்தில் போகாது என்றாலும்). ஆனால் ஏகாண்ட வீணையை யாரும் கிட்டாக அட்டைப்பெட்டியில் போட்டு அனுப்ப முடியாது.

கையில் காசில்லாதவன் தானே செய்துகொள்கிற கதை கிடாரில் நிறைய. குயின் குழுவின் பிரையன் மே 1963-ல் அப்பாவோடு சேர்ந்து ஆரம்பித்த கிடாரின் கழுத்து, ஒரு பழைய வீட்டின் கணப்படுப்புச் சட்டத்து மரம். பழைய மோட்டார் சைக்கிளின் வால்வு ஸ்பிரிங் உள்ளே. கழுத்தில் பதித்த புள்ளிகள் சட்டைக்குத் தைக்கிற சிப்பிப் பொத்தான். நம்ம ஊரில் எண்பதுகளில் ஆம்ப்ளிஃபயர் 'அசெம்பிள்' பண்ணிய அண்ணன்மார்களைப் பார்த்தவங்களுக்கு இது புதுசா தெரியாது. டிரான்ஸ்ஃபார்மரை ஒரு கடையில், டிரான்சிஸ்டரை இன்னொரு கடையில் வாங்கி, ஷீட் மெட்டல் பெட்டியில் அடைத்து, முன்னால் ரெண்டு சிவப்பு லைட் வைத்துத் திருவிழாவுக்குக் கொடுத்தவர்கள். லியோ ஃபெண்டர் கீழவாசலில் பிறந்திருந்தால் மைக் செட் வைத்திருப்பார் என்பது என் திடமான நம்பிக்கை :-)

அடுத்து மரம். இதைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்லணும்.

கழுத்தின் மேல், விரல் படுகிற இடத்தில் கருஞ்சிவப்பாக ஒரு பலகை ஒட்டியிருக்கும். ரோஸ்வுட் என்று பெட்டியில் போட்டிருந்தது. எங்க தெரு ஆசாரி அண்ணன் பார்க்க வந்தார். உப்புத்தாளால் ஓரத்தில் ரெண்டு இழுப்பு இழுத்து, தூளை மூக்கருகே கொண்டு போனார். "தோதகத்திப்பா இது. நம்ம மலை மரம். இது எதுக்கு ஊரைச் சுத்தி வருது?" என்றார்.

நல்ல கேள்வி. தோதகத்தி, ஈட்டி, ரெண்டும் ஒரே மரம்தான். மேற்குத் தொடர்ச்சி மலையில் நன்றாக வளர்வது. வெள்ளைக்காரன் இதை பிளாக்வுட் என்று சொல்லி மேஜை நாற்காலிக்கு வெட்டினான். சென்னை மாகாணத்தில் 1856-ல் வனத்துறை வந்து, கிளெக்ஹார்ன் என்ற டாக்டர் அதுக்குத் தலைவரானார். அவர் கணக்கெடுத்த மரங்களில் தேக்கோடு இதுவும் முக்கியம். ஆனால் கிடார் உலகத்துக்கு அப்போது நம்ம ஈட்டி பெரிசா தேவைப்படவில்லை. பிரேசில் நாட்டு ஈட்டி மலிவாகக் கிடைத்தது. ஃபெண்டர் முதலில் மேப்பிள் மரத்திலேயே விரல்பலகையையும் வைத்தார். வெளிர் நிறம், பூச்சு தேய்ந்தால் அழுக்குத் தெரிந்தது. 1958, 59-ல் ஈட்டிக்கு மாறினார். அதுவும் பிரேசில் ஈட்டிதான். பிரேசில் மரம் அரிதாகி, ஏற்றுமதிக்குக் கட்டுப்பாடும் வந்ததும் எல்லோர் கண்ணும் இந்தியா பக்கம் திரும்பியது. ஃபெண்டர் அறுபதுகளின் நடுவில் மாறியது. மரக்கிடாருக்குப் பேர்போன மார்ட்டின் கம்பெனி 1969-ல் மாறியது. அதுக்கப்புறம் உலகத்தில் எங்கே யார் கிடார் வாசித்தாலும், விரல் ஓடுவது நம்ம மலை மரத்தின் மேல் என்று ஆகிவிட்டது (மிகைதான், ஆனால் ரொம்ப மிகை இல்லை).

சும்மா போகவில்லை, வழக்கும் வம்பும் சேர்ந்தே போச்சு. கிப்சன் கம்பெனியில் அமெரிக்க அதிகாரிகள் 2009-ல் மடகாஸ்கர் கருங்காலிக்காக ஒரு ரெய்டு, 2011 ஆகஸ்டில் இந்திய ஈட்டி, கருங்காலிப் பலகைகளுக்காக இன்னொரு ரெய்டு நடத்தினார்கள். அறுத்த பலகையாக வெளிநாட்டுக்கு அனுப்ப இந்தியாவில் தடை. அனுப்பியது வெறும் பலகையா, பாதி வேலை முடிந்த விரல்பலகையா என்பதுதான் சண்டை. 2012-ல் 3 லட்சம் டாலர் அபராதத்தோடு சமாதானம் ஆனது. பறிமுதலான இந்திய மரம் திரும்பி வந்ததும் கிப்சன்காரர்கள் அதிலேயே கிடார் செய்து 'கவர்ன்மென்ட் சீரீஸ்' என்று பேர் வைத்து விற்றார்கள். வியாபாரின்னா அவன் வியாபாரி!

பிறகு 2017 ஜனவரியில் ஈட்டி இனம் முழுவதையும் சைட்டீஸ் ஒப்பந்தத்தின் கட்டுப்பாட்டுப் பட்டியலில் சேர்த்தார்கள். சீனாவில் ஈட்டி நாற்காலிக்கு இருந்த வெறிதான் பெரிய காரணம், அடி வாங்கியது கிடாரும் சேர்ந்து. விற்பனைக்கு எல்லை தாண்டுகிற ஒவ்வொரு கிடாருக்கும் காகிதம் கேட்டார்கள். பல கம்பெனிகள் வேறு மரம் தேடி ஓடின. 2019 நவம்பரில் இருந்து, செய்து முடித்த இசைக்கருவிகளுக்கு விலக்கு கொடுத்துவிட்டார்கள். மரத்துக்குக் கட்டுப்பாடு இருக்கு, கிடாருக்கு இல்லை.

கட்டுப்பாடு வேண்டியதுதான் என்பது என் கட்சி. ஈட்டி முதிர்வதற்கு ஒரு மனுஷ ஆயுசு பத்தாது. ஆனால் ஆசாரி அண்ணன் கேட்டது வேற. மரம் இங்கே, இழைக்கிற கை இங்கே, பூட்டிய கிடார் மட்டும் ஏன் வெளியில் இருந்து? பழைய இறக்குமதிக் கட்டுப்பாட்டுக் காலத்தில் ஒரு பதில் முளைத்தது. கொல்கத்தாவில் கிவ்சன் என்று கிடார் வந்தது. கிப்சன் இல்லை, கிவ்சன். பேரைப் பார்த்துச் சிரிக்கலாம். ஆனால் இந்தியாவில் ஒரு தலைமுறை விரல் பழகியது அந்தக் கிடாரில்தான்.

அந்தக் காலத்தில் எலெக்ட்ரிக் கிடாரின் சத்தம் மதுரை சீமைக்கு சினிமா வழியாகத்தான் வந்தது. எம்.எஸ்.வி. குழுவில் பிலிப்ஸ் வாசித்தார். அதன்பிறகு பண்ணைப்புரத்துக்காரர். அப்போது அது மதுரை மாவட்டம், இப்போது தேனி. அண்ணன் பாவலர் வரதராஜனோடு ஊர் ஊராகக் கச்சேரிக்குப் போனவர், சென்னைக்குப் போய் தன்ராஜ் மாஸ்டரிடம் மேற்கத்திய இசை படித்து, கிடாரில் லண்டன் டிரினிட்டி பரீட்சை எழுதினார். 1976-ல் அன்னக்கிளி. பிறகு சதானந்தம், சந்திரசேகர் என்று கிடார் கலைஞர்கள் அவர் குழுவில் வாசித்ததை டீக்கடை ஸ்பீக்கரில் கேட்டுத்தான் நாங்கள் எல்லாம் காற்றில் கிடார் வாசித்தோம். (கொசுவர்த்தி போதும்.)

ஃப்ரெட் விஷயத்துக்கு வருவோம். கிடாரில் உலோகப் பட்டைகள் மரத்தில் அறைந்தே வரும். நரம்பின் நீளம் 648 மில்லிமீட்டர் என்றால் அதை 17.817 ஆல் வகுத்தால் முதல் பட்டையின் தூரம், 36.37. மிச்சத்தை மறுபடி அதே எண்ணால் வகுக்கணும், அடுத்த பட்டை. அப்படியே கடைசி வரை. முன்னாடி 18 ஆல் வகுத்தார்கள். 1581-ல் அந்தக் கணக்கை எழுதிவைத்த வின்சென்சோ கலிலீ வேற யாருமில்லை, தொலைநோக்கி கலிலியோவின் அப்பா.

வீணையில் இந்த வகுத்தல் கணக்கு கிடையாது. 24 மெட்டுகளையும் தேன்மெழுகும் குங்கிலியமும் கரியும் சேர்த்த மெழுகில், காதால் கேட்டுக் கேட்டு நிறுத்துவார்கள். 'மேளம் கட்டுதல்' என்று பேர். வெயிலில் மெழுகு இளகும், சில வருஷத்துக்கு ஒருமுறை திரும்பக் கட்டணும். மதுரையும் ஒரு வீணை ஊர்தான், எம்.எஸ். அம்மாவின் தாயார் சண்முகவடிவு வீணைக் கலைஞர். வீணையில் வெயிலுக்கு மெழுகு இளகுது என்றால் கிடாரில் வேற மாதிரி. சித்திரைக் காய்ச்சலில் கழுத்து மரம் சுருங்கும், உலோகம் சுருங்காது, பட்டை நுனி ரெண்டு பக்கமும் முள் மாதிரி நீட்டும். சின்ன அரம் வைத்து நாற்பத்து நாலு நுனியையும் உருட்டி எடுத்தேன். இந்தக் கிட்டில் அதிக நேரம் தின்ற வேலை இதுதான்.

இப்போ பெயிண்ட். எனக்கு ரொம்பப் பிடிச்ச பகுதி.

லாக்கர் என்ற சொல்லே நம்ம 'லாக்ஷா'வில் இருந்து போனது, அதாவது அரக்கு. பாண்டவர்களைக் கொளுத்தப் பார்த்த அதே அரக்கு. அதை ஸ்பிரிட்டில் கரைத்து, துணிப் பந்தால் ஐம்பது தடவை தேய்த்துப் பளபளப்பு ஏற்றுவதுதான் பழைய மரவேலைப் பாலிஷ். இதை ஓரங்கட்டியது டியூபான்ட் கம்பெனியின் டியூகோ. அரக்குக்குப் பதில் நைட்ரோசெல்லுலோஸ். 1923-ல் ஜெனரல் மோட்டார்ஸின் ஓக்லண்ட் காரில் முதலில் அடித்தார்கள். வாரக்கணக்கில் காய்ந்த கார், சில மணி நேரத்தில் காய்ந்தது. ஃபெண்டரும் அதையே பிடித்துக்கொண்டார். அவருடைய ஃபியஸ்டா ரெட், 1956 ஃபோர்ட் தண்டர்பேர்ட் காரின் நிறம். லேக் பிளாசிட் புளூ, 1958 காடிலாக்கின் நிறம். தனி நிறம் வேணும்னா 5 சதவீதம் கூடுதல்.

நம்ம ஊரில் பீரோ, கட்டிலுக்கு ஸ்ப்ரே அடிப்பதை இன்றும் 'டியூகோ ஃபினிஷ்' என்கிறார்கள். எனவே கிடார் உடம்பைத் தூக்கிக்கொண்டு நேராக கார் பெயிண்ட் ஷெட்டுக்குப் போனேன். பெயிண்டர் அண்ணன் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "எந்த வண்டி கலர் தம்பி?" என்றார். 1950-களில் ஃபுல்லர்டனில் கேட்டிருக்கக்கூடிய அதே கேள்வி! மாருதி 800 சிவப்பு என்றேன். பட்டி பார்த்து, உப்புத்தாள் போட்டு, பிரைமர், மூணு கோட். நான் போனது ஐப்பசி. மழை நின்று ரெண்டு நாள் வெயில் காய்ந்தால்தான் கன்னைத் தொடுவேன் என்று சொல்லிவிட்டார். ஈரக்காற்றில் என்.சி. பெயிண்ட் அடித்தால் வெள்ளையாகப் பூத்துப்போகும். தின்னர் சீக்கிரம் ஆவியாகி மேல்பரப்பு குளிர்ந்து, காற்றின் ஈரம் அதில் படிவதால் வருவது. காரணத்தை நான் படித்தது பிறகு, அவருக்குக் கை அனுபவத்திலேயே தெரிஞ்சிருந்தது. கூலி பேசியபோது ஒரு கார் கதவுக் கணக்கில் பாதி போட்டார்.

கடைசியாக பிக்கப். காந்தம், அதைச் சுற்றி தலைமுடியை விட மெல்லிய செம்புக் கம்பி, 0.06 மில்லிமீட்டர் சுமார், ஏழெட்டாயிரம் சுற்று. நரம்பு அதிர்ந்தால் காந்தப்புலம் ஆடும், கம்பியில் மின்சாரம் பிறக்கும். ஜார்ஜ் போஷாம் 1930-களின் தொடக்கத்தில் 'வாணலி' கிடாரில் செய்து, 1937-ல் பேடண்ட் வாங்கினார். இதனால்தான் மாண்டலின் சீனிவாஸ் அந்தச் சின்ன வாத்தியத்தில் கமகம் வாசிக்க முடிந்தது. சாதாரண மாண்டலினில் நாதம் உடனே செத்துவிடும். அவர் நாலு ஜோடித் தந்தியை அஞ்சு ஒற்றைத் தந்தியாக்கி, மின்சாரத்தைச் சேர்த்துக்கொண்டார். கிணத்து மோட்டாருக்கு காயில் கட்டுகிற எங்கள் பக்கத்துக் கடைக்காரர் என் பிக்கப்பைப் பார்த்துவிட்டு, "இவ்ளோ மெல்லிசை எந்த மிஷின்ல சுத்துறான்?" என்று வியந்தார். சோல்டரிங் நான் போட்டேன், எர்த் சரியா இருக்கான்னு மீட்டர் வைத்துப் பார்த்தது அவர்.

ஆம்ப்பில் செருகியதும் முதலில் வந்தது இரைச்சல். ஒற்றைக் காயில் பிக்கப் வீட்டு வயரிங்கின் கரண்டையும் சேர்த்தே கேட்கும். கிப்சனில் சேத் லவர் 1955-ல் ரெண்டு காயிலை எதிரெதிராக வைத்து இதை அடக்கினார், என்னுடையதில் அந்த வசதி இல்லை. அமெரிக்காவில் கரண்ட் 60 ஹெர்ட்ஸ், அங்கே இந்த இரைச்சல் பி சுருதிக்குக் கொஞ்சம் கீழே நிற்கும். நம்ம கரண்ட் 50 ஹெர்ட்ஸ், ஜி சுருதிக்குக் கொஞ்சம் மேலே. பின்பக்கக் குழியில் செம்பு டேப் ஒட்டியதும் பாதி குறைந்தது. மிச்சம் டியூப் லைட்டை அணைத்தால் போயிடும்.