உறவினரின் குழந்தைக்குப் பாதுகாவலர் ஆவது எப்படி?

கேரளத்தின் இடுக்கி மாவட்டத் தேயிலைத் தோட்டங்களிலும் பாலக்காடு மாவட்டத்தின் சித்தூர் பகுதியிலும் தமிழ்க் குடும்பங்கள் தலைமுறைகளாக வாழ்ந்து வருகின்றன. உறவினர் பலர் எல்லைக்கு இப்பால், தமிழகத்தில் உள்ளனர். பேச்சுவார்த்தையின்றிப் பிரிந்திருந்த உடன்பிறந்தார் இறந்தால், அவரது குழந்தையின் பொறுப்பு எதிர்பாராமல் இவர்களிடம் வரக்கூடும்.

இரத்த உறவு மட்டுமே சட்டப்பூர்வ உரிமை ஆகிவிடாது. 1890-ஆம் ஆண்டின் பாதுகாவலர் சட்டப்படி, குழந்தை வழக்கமாக வசிக்கும் பகுதிக்குரிய நீதிமன்றத்தில் மனு தாக்கல் செய்ய வேண்டும். குழந்தை இடுக்கியில் வசித்திருந்தால், தேனியில் உள்ள சித்தப்பாவும் அங்கேயே மனு செய்ய வேண்டும்.

குழந்தையின் நலனே முதன்மையானது. உறவின் நெருக்கம், மனுதாரரின் நடத்தை, திறன், குழந்தையுடன் அவருக்கு முன்பு இருந்த தொடர்பு, மறைந்த பெற்றோரின் விருப்பம் ஆகியவை பரிசீலிக்கப்படும். விவரம் அறிந்த வயதெனில் குழந்தையின் விருப்பமும் கருத்தில் கொள்ளப்படலாம். பெற்றோருடன் இருந்த மனக்கசப்பு தடை என்று சட்டம் கூறவில்லை. ஆனால், தாய் அல்லது தந்தை உயிருடன் இருந்து, தகுதியற்றவர் என நீதிமன்றம் கருதாதவரை, மற்றவரை நியமிக்க இயலாது.

கவனிப்பார் எவருமற்ற குழந்தையை 24 மணி நேரத்திற்குள் மாவட்டக் குழந்தைகள் நலக் குழு முன் ஆஜர்படுத்த வேண்டும். தகுதியுள்ள குழந்தைக்கு, மத்திய அரசின் மிஷன் வாத்சல்யா திட்டத்தில் மாதம் ரூ.4,000 உதவி கிடைக்கும். குழந்தைகள் உதவி எண்: 1098.