முருக்கு எனும் பெயரில் இரு மரங்கள்

குறுந்தொகையின் 156-ஆம் பாட்டில், பிரிந்தவரைச் சேர்த்துவைக்கும் மருந்து உன் வேதத்தில் உண்டா என்று தலைவன் தன் பார்ப்பனத் தோழனைக் கேட்கிறான். பாடியவர் பாண்டியன் ஏனாதி நெடுங்கண்ணன். அந்தத் தோழன் கையில் இருப்பது, நார் உரித்த முருக்கந்தண்டு. எந்த முருக்கு? அகராதிகளோ இப்பெயரைக் கலியாண முருங்கை எனும் முள்முருக்குக்கும் தருகின்றன, புரசு எனும் பலாசுக்கும் தருகின்றன.

மயங்குவதற்குக் காரணம் உண்டு. இரண்டும் அவரைக் குடும்பம். இரண்டுக்கும் மூவிலைக் கூட்டு. இலையுதிர்ந்த கிளையில் செக்கச் செவேலெனப் பூத்து, தேனுக்கு மைனாவையும் தேன்சிட்டையும் வரவழைப்பவை.

கிட்டே போனால் ஐயம் தீரும். முள்முருக்கின் இளங்கிளையில் கருத்த கூர்முட்கள். பலாசில் முள்ளே கிடையாது. பலாசின் மொட்டைக் கரும்பழுப்பு வெல்வெட் போன்ற புல்லிவட்டம் பொதிந்திருக்கும். விரிந்த பூ கிளிமூக்கேதான். முள்முருக்கின் புல்லிவட்டம் ஒருபுறம் பிளந்து மடலாக நிற்கும். அதன் நெற்றில், விதைக்கு விதை இடுங்கிய பல அறைகள். பலாசின் தட்டை நெற்றில் நுனியில் ஒரே விதை. பலாசு இலை தோல்போல் தடித்தது, தைத்தால் உண்கலம். முள்முருக்கின் இளந்தளிரை அரிசியோடு அரைத்துச் சளிக்கு அடை சுடுவார்கள். ருசியில் என் ஓட்டு அடைக்கே.

தண்டுக்கு வருவோம். முள்முருக்கு கிளையை வெட்டி ஊன்றினாலே வேர்விடும் மென்மரம். அதனால்தான் மிளகுக்கொடிக்குத் தாங்குமரமாக நடுகிறார்கள். கலியாணப் பந்தலிலும் அதன் கிளையை ஊன்றுகிறார்கள். ஆனால், காய்ந்தால் நெட்டிபோல் லேசாகிவிடும் அந்தக் கட்டை ஊன்றுகோலுக்கு உதவாது. பலாசின் பட்டையிலோ கயிறு திரிக்கத்தக்க நார் உண்டு. பாட்டு நார் உரித்ததைச் சொல்வதும் இதற்குப் பொருந்துகிறது. எல்லாவற்றுக்கும் மேலாக, பார்ப்பனப் பிரமசாரியின் கைத்தண்டுக்கு மனுநூல் வில்வத்தையும் பலாசத்தையும்தான் விதிக்கிறது. ஆகவே இந்தப் பாட்டில் வருவது பலாசு என்பதே என் துணிபு.

இத்தீர்ப்பை முருக்கு வரும் இடமெல்லாம் நீட்டக் கூடாது. முள் பேசப்படும் இடத்தில் அது முள்முருக்கே. இனி உரை எழுதுவோர் ஒருமுறை இரு மரத்தடியிலும் நின்று பார்த்துவிட்டு எழுதட்டும். சென்னையில் புரசு தேடுவோர் புரசைவாக்கம் கங்காதரேசுவரர் கோயிலுக்குப் போகலாம்; அங்கே தலமரம் அதுதான்.