அமெரிக்கா செல்லும் பெற்றோருக்கு மருத்துவக் காப்பீடு: வாங்கும் முன் படிக்க வேண்டியவை

மகளுக்குப் பிரசவம், மகன் புதுவீடு வாங்கியிருக்கிறார், பேரனுக்கு ஓதிக் கொடுக்க வேண்டும் என்று ஏதேனும் ஒரு காரணத்தோடு நம் ஊர்ப் பெற்றோர்கள் அமெரிக்கா போய்வருவது இப்போது சாதாரணமாகிவிட்டது. பி-2 விசாவில் போகிறவர்களுக்குப் பொதுவாக ஆறு மாதம் வரை தங்க அனுமதி கிடைக்கிறது. இந்த விசாவுக்கு மருத்துவக் காப்பீடு கட்டாயமில்லை. ஐரோப்பாவின் ஷெங்கன் விசாவுக்குக் குறைந்தது 30,000 யூரோ காப்பீடு வேண்டும். கனடாவில் பெற்றோருக்கான சூப்பர் விசாவுக்குக் குறைந்தது 1,00,000 கனடிய டாலருக்கு, ஓராண்டுக்கான பாலிசியைக் காட்ட வேண்டும். அமெரிக்காவோ எடுப்பதும் விடுவதும் உங்கள் பாடு என்று விட்டுவிட்டது. அதனால் பெட்டி கட்டும் கடைசி வாரத்தில், விலை குறைந்தது எது என்று மட்டும் பார்த்து ஒன்றை வாங்கிவிடுகிறார்கள்.

நமக்குத் தெரிந்த ஒரு குடும்பத்தில் நடந்தது இது. உம்மாவுக்கு வயது அறுபதைத் தாண்டியிருந்தது. சர்க்கரையும் இரத்த அழுத்தமும் உண்டு. மகன் வீட்டுக்குப் போன இரண்டாம் மாதத்தில் நெஞ்சில் ஒரு பாரம். ‘டாலர்ல செலவாகும், புள்ளைக்கு எதுக்குத் தொந்தரவு’ என்று கசாயம் வைத்துக் குடித்துக்கொண்டு சும்மா இருந்துவிட்டார். மூன்றாம் நாள் முடியவில்லை, மருத்துவமனைக்குக் கொண்டுபோனார்கள். எப்போதிலிருந்து வலி என்று செவிலியர் கேட்டதற்கு, ‘மூணு நாளா இருக்கு’ என்றார். அல்ஹம்துலில்லாஹ், உம்மா பிழைத்துக்கொண்டார். ஆனால் காப்பீட்டு நிறுவனம் பணம் தர மறுத்துவிட்டது. அந்த பாலிசி போலியல்ல, அதில் எழுதியிருந்தபடிதான் நிறுவனமும் செய்தது. அந்த எழுத்தை வீட்டில் யாரும் படித்திருக்கவில்லை.

எடுப்பது கூடுமா?

நம்மிடம் முதலில் வரும் கேள்வி இதுதான். வணிகக் காப்பீட்டில் கரர் எனும் நிச்சயமின்மையும் வட்டியும் கலந்திருப்பதால் உலமாக்கள் அதை நெடுங்காலமாக ஆட்சேபித்து வந்துள்ளார்கள். டமாஸ்கஸின் ஹனஃபி ஃபகீஹ் இப்னு ஆபிதீன் அவர்கள் அன்றைய கப்பல் காப்பீட்டைப் பற்றியே விவாதித்து, கூடாது என்று எழுதியிருக்கிறார்கள். 1985 டிசம்பரில் ஜித்தாவில் கூடிய சர்வதேச இஸ்லாமிய ஃபிக்ஹ் அகாடமி, வணிகக் காப்பீடு கூடாது என்றும் அதற்குப் பதிலாகக் கூட்டுறவு முறைக் காப்பீடு கூடும் என்றும் தீர்மானித்தது. அந்தக் கூட்டுறவு முறையைத்தான் தகாஃபுல் என்கிறோம். மறுபக்கம், முஸ்தஃபா அஸ்ஸர்கா போன்ற அறிஞர்கள் காப்பீட்டை அடிப்படையிலேயே அனுமதித்தார்கள். தகாஃபுல் கிடைக்காத இடத்தில், தாங்க முடியாத கடனில் விழும் அச்சம் உண்மையாகவே இருக்கும்போது, தேவையின் அளவுக்கு எடுத்துக்கொள்ளலாம் என்று சொல்லும் உலமாக்களும் இக்காலத்தில் பலர் இருக்கிறார்கள். அமெரிக்க மருத்துவமனைச் செலவு அந்த அச்சத்துக்கு உரியது என்பது நம் கருத்து. நீங்கள் நம்பும் ஆலிமிடம் கேட்டு முடிவெடுங்கள். அல்லாஹ் நன்கறிந்தவன். எடுப்பது என்று முடிவான பின் எதை எடுப்பது என்பதற்கு வருவோம்.

50,000 டாலர் என்று போட்டிருக்கிறதே?

பெற்றோருக்கான காப்பீடுகளில் இரண்டு வகை உண்டு. ஒன்று ‘ஃபிக்ஸட் பெனிஃபிட்’. மருத்துவரைப் பார்த்தால் இவ்வளவு, ஒருநாள் படுக்கைக்கு இவ்வளவு, அறுவை சிகிச்சைக்கு இவ்வளவு என்று ஒரு பட்டியல் இருக்கும். பில் எவ்வளவு வந்தாலும் பட்டியலில் உள்ளதுதான் கிடைக்கும். மற்றொன்று ‘காம்ப்ரிஹென்சிவ்’. ‘டிடக்டிபிள்’ எனப்படும் முதல் தொகையை நாம் கட்ட வேண்டும். அதற்குப் பிறகு, காப்பீட்டுக்குள் வரும் செலவில் குறிப்பிட்ட சதவீதத்தை நிறுவனம் ஏற்கும்.

கணக்குக்காக ஒன்றை எடுத்துக்கொள்வோம். மூன்று நாள் சேர்க்கை, ஒரு அறுவை சிகிச்சை, பில் 40,000 டாலர். ஃபிக்ஸட் பட்டியலில் ஒரு நாளைக்கு 1,500 வீதம் 4,500, அறுவைக்கு 3,000, அவசரப் பிரிவுக்கு 400, பரிசோதனைகளுக்கு 500 என்று வைத்தால் மொத்தம் 8,400. மீதி 31,600 டாலர் குடும்பத்தின் தலையில் விழும். பாலிசியின் முதல் பக்கத்தில் 50,000 என்று பெரிதாகப் போட்டிருந்தாலும் அந்த எண்ணை நெருங்கும் வாய்ப்பு குறைவு. அதே பில்லுக்கு, 250 டாலர் டிடக்டிபிள் வைத்து, அடுத்த 5,000 டாலருக்கு 80 சதவீதமும் அதற்கு மேல் உச்சவரம்பு வரை முழுமையாகவும் தரும் காம்ப்ரிஹென்சிவ் பாலிசி இருந்தால், குடும்பம் கட்ட வேண்டியது 250 உடன் 1,000 சேர்த்து 1,250 டாலர்தான். மாதப் பிரீமியம் இதற்குக் கூடுதல் என்பது உண்மைதான். பணம் நெருக்கடி என்றால் டிடக்டிபிளை 500, 1,000 என்று உயர்த்திப் பிரீமியத்தைக் குறையுங்கள், வகையை மாற்றிக் குறைக்காதீர்கள். சளி, காய்ச்சலுக்கான சில நூறு டாலரை மகன் சமாளித்துக்கொள்வார். காப்பீடு வேண்டியது அவரால் சமாளிக்க முடியாததற்கு.

வயதையும் கவனியுங்கள். பல திட்டங்களில் 70 வயது ஆனதும் உச்சவரம்பு குறைகிறது, 80 ஆனதும் இன்னும் சுருங்குகிறது. வாப்பாவுக்கு 69, உம்மாவுக்கு 63 என்றால் இருவருக்கும் ஒரே திட்டம்தான் வேண்டும் என்பதில்லை. பயணத்தின் நடுவில் பிறந்தநாள் வந்தால் என்ன ஆகும் என்றும் கேட்டு வையுங்கள்.

‘ஏற்கெனவே இருந்த நோய்’

நம் பெற்றோரில் சர்க்கரை, இரத்த அழுத்தம், இதயம், சிறுநீரகம் என்று ஒன்றுமே இல்லாதவர் அரிது. காப்பீட்டு மொழியில் இவை ‘ப்ரீ எக்ஸிஸ்டிங்’. இதற்கான விளக்கம் பாலிசிக்குப் பாலிசி மாறும். சிலவற்றில் பயணத்துக்கு முந்தைய இரண்டு, மூன்று ஆண்டுகளைப் பார்ப்பார்கள். சிலவற்றில் இன்னும் பின்னோக்கிப் போவார்கள். மருத்துவர் கண்டுபிடிக்காவிட்டாலும் அறிகுறி இருந்தாலே போதும் என்று எழுதியிருப்பதும் உண்டு. ஆகவே ‘எங்க வாப்பா டாக்டர்கிட்டயே போனதில்லை’ என்பது பாதுகாப்பாகாது.

இந்த நோய்களுக்கான வழக்கமான சிகிச்சை, பரிசோதனை, மாத்திரை எதையும் பொதுவாக இந்தக் காப்பீடுகள் ஏற்பதில்லை. பல காம்ப்ரிஹென்சிவ் திட்டங்கள் ஏற்பது ‘அக்யூட் ஆன்செட்’ என்ற ஒன்றை மட்டும். பழைய நோய், முன்னறிகுறி எதுவுமின்றித் திடீரென்று, உடனே சிகிச்சை தேவைப்படும் அளவுக்கு வெடித்துக் கிளம்புவது என்பது இதன் பொருள். அப்படிக் கிளம்பிய 24 மணி நேரத்துக்குள் சிகிச்சைக்குப் போயிருக்க வேண்டும் என்ற நிபந்தனையும் பெரும்பாலும் சேர்ந்தே இருக்கும். மெதுவாக முற்றியது இதில் வராது. இந்தச் சலுகைக்கே வயது வரம்பு உண்டு, அது பல திட்டங்களில் 70 அல்லது 80. இதயம் சம்பந்தப்பட்டதற்குத் தனியாகச் சிறிய உச்சவரம்பும் இருக்கக்கூடும்.

மேலே சொன்ன உம்மாவின் கோரிக்கை விழுந்தது இந்த 24 மணி நேரத்தில்தான். பிள்ளைக்குச் செலவு வைக்கக்கூடாது என்று வாயை மூடிக்கொண்டிருந்ததே செலவாக முடிந்தது. ஆகவே விமானம் ஏறும் முன்பே பெற்றோரை உட்கார வைத்துச் சொல்லுங்கள்: ‘உம்மா, நெஞ்சு பாரமோ, மூச்சுத் திணறலோ, கைகால் மரத்துப்போறதோ, எது வந்தாலும் அந்த நிமிஷமே சொல்லிடுங்க. நீங்க சொல்லாம இருந்தாத்தான் எங்களுக்குச் செலவு.’ மருமகள் வீட்டிலிருந்தால் அவருக்கும் இது தெரிய வேண்டும். பகலில் கூட இருப்பவர் அவர்தானே.

இன்னொன்றையும் கேட்கிறார்கள்: ‘ஹஜ்ரத், இன்னைக்குத்தான் வலி வந்துச்சுன்னு சொல்லிட்டா?’ கூடாது. அது பொய் என்பதோடு, நெஞ்சுவலி எப்போது தொடங்கியது என்பதைப் பொறுத்து மருத்துவர் செய்யும் சிகிச்சையே மாறும். விண்ணப்பத்தில் நோயை மறைப்பதும் அப்படித்தான். கோரிக்கை வரும்போது பழைய மருத்துவ ஆவணங்களைக் கேட்பார்கள், மறைத்தது தெரிந்தால் பாலிசியே செல்லாமல் போகலாம்.

இங்கே வாங்குவதா, அங்கே வாங்குவதா?

இந்திய நிறுவனங்களின் பயணக் காப்பீடு ரூபாயில் கிடைக்கிறது, விலையும் பெரும்பாலும் குறைவு. ஆனால் ஊரை விட்டுப் புறப்படும் முன் வாங்கிவிட வேண்டும். அறுபதைத் தாண்டியவர்களுக்கு அறை வாடகை, அறுவை சிகிச்சை என்று ஒவ்வொன்றுக்கும் உள்வரம்பு வைக்கும் பாலிசிகளும் உண்டு, அப்படி இருந்தால் அதுவும் ஃபிக்ஸட் வகை போலத்தான். அமெரிக்க பாலிசிகளில் அங்குள்ள மருத்துவமனைகளோடு ‘பிபிஓ’ எனும் நெட்வொர்க் ஒப்பந்தம் உள்ளதா என்று பாருங்கள். இருந்தால் மருத்துவமனை நேரடியாக நிறுவனத்துக்கே பில் அனுப்பும், ஒப்பந்த விலையும் கிடைக்கும். மகன் வீட்டுக்கு அருகிலுள்ள மருத்துவமனை அந்தப் பட்டியலில் இருக்கிறதா என்று அவரையே பார்க்கச் சொல்லுங்கள்.

தங்கும் காலம் முழுவதற்கும் ஒரே பாலிசியாக எடுப்பது நல்லது. மூன்று மாதத்துக்கு எடுத்து, முடிந்ததும் வேறொன்றைப் புதிதாக வாங்கினால், முதல் மூன்று மாதத்தில் வந்த நோய் இரண்டாவதற்கு ‘ஏற்கெனவே இருந்த நோய்’ ஆகிவிடும். முன்கூட்டியே ஊர் திரும்பினால், கோரிக்கை எதுவும் வைக்காதவரை, மீதி நாட்களுக்கான பணத்தைத் திருப்பித் தரும் திட்டங்களும் உண்டு.

உடம்புக்கு முடியாமல் போனால்

உயிருக்கு ஆபத்து என்றால் யோசிக்காமல் 911 ஐ அழையுங்கள். காப்பீடு இல்லாவிட்டாலும், பணமே இல்லாவிட்டாலும், மெடிகேர் திட்டத்தில் உள்ள மருத்துவமனைகளின் அவசரப் பிரிவு நோயாளியைப் பரிசோதித்து அபாயக் கட்டத்தைத் தாண்டும்வரை சிகிச்சை தர வேண்டும் என்று 1986 ஆம் ஆண்டின் எம்டாலா சட்டம் சொல்கிறது. பில் பின்னால் வரும், அது வேறு. காய்ச்சல், வயிற்றுப்போக்கு, சிறு காயம் போன்றவற்றுக்கு அவசரப் பிரிவுக்குப் போகாமல் ‘அர்ஜன்ட் கேர்’ மருத்துவமனைக்குப் போனால் செலவு பல மடங்கு குறையும். சில பாலிசிகளில் அங்கே டிடக்டிபிளும் கிடையாது.

சேர்க்கும்போது பதற்றத்தில் நீட்டிய தாளில் எல்லாம் மகன் கையெழுத்துப் போட்டுவிடுகிறார். அதில் ஒன்று, செலவுக்கு நான் பொறுப்பு என்று எழுதிக்கொடுக்கும் தாளாக இருக்கலாம். படித்துவிட்டுப் போடுங்கள். பில் வந்ததும் இனவாரியாகப் பிரித்த பில்லைக் கேளுங்கள். லாபநோக்கற்ற மருத்துவமனைகள் வசதி குறைந்தவர்களுக்கான நிதி உதவிக் கொள்கையை எழுத்தில் வைத்திருக்க வேண்டும் என்பது அமெரிக்க வரிச் சட்டம். அதற்கு விண்ணப்பிக்கலாம். நம்மவர்களில் பலர் வெட்கப்பட்டுக் கேட்காமல் கிரெடிட் கார்டில் கட்டி, வட்டியில் விழுகிறார்கள்.

பேசத் தயங்கும் ஒன்று

மவுத்தைப் பற்றிப் பயணத்துக்கு முன் பேச யாருக்கும் மனம் வராது. பாலிசியில் அதற்கென்று ஒரு வரி இருக்கிறது. உடலைத் தாயகம் அனுப்பும் செலவுக்குப் பெரிய தொகையும், அதற்குப் பதிலாக அங்கேயே அடக்கம் செய்தால் ஒரு சிறிய தொகையும் பல திட்டங்கள் தருகின்றன. விமானத்தில் அனுப்புவதென்றால் பெரும்பாலும் உடலைப் பதப்படுத்த வேண்டியிருக்கும், நாட்களும் ஆகும். மவுத்தான ஊரிலேயே விரைந்து அடக்குவதுதான் மார்க்கத்தில் சிறந்தது என்பதை நாம் சொல்லத் தேவையில்லை. எனவே நமக்குப் பயன்படக்கூடியது அந்தச் சிறிய தொகைதான், அது எவ்வளவு என்று பாருங்கள். எதைச் செய்வதானாலும் முதலில் நிறுவனத்தை அழைத்து ஒப்புதல் பெற வேண்டும் என்ற நிபந்தனை இருக்கும். துக்கத்தில் அது யாருக்கும் நினைவுக்கு வராது. அந்த எண்ணை நெருங்கிய உறவினர் ஒருவரிடமும் அங்குள்ள பள்ளிவாசல் பொறுப்பாளரிடமும் கொடுத்து வைக்கலாம்.

கடைசியாக, பெட்டி கட்டும்போது செய்ய வேண்டியது. நம் ஊர் மருத்துவரிடம் நோய்களையும் மருந்துகளையும் வேதிப்பெயரோடு ஒரு பக்கத்தில் ஆங்கிலத்தில் எழுதி வாங்குங்கள். நம் பாராசிட்டமாலை அங்கே அசிட்டமினோஃபென் என்பார்கள், இந்திய பிராண்ட் பெயர் அங்குள்ளவர்களுக்குப் புரியாது. மாத்திரைகளை மருத்துவச் சீட்டோடு, வாங்கிய அட்டையிலேயே, கைப்பையில் வைத்துக்கொள்ளுங்கள். 90 நாள் தேவைக்கு மேல் கொண்டுவர வேண்டாம் என்பது அந்நாட்டு மருந்துத் துறையின் பொதுவான வழிகாட்டுதல். காப்பீட்டு அட்டையை இரண்டு பிரதி எடுத்து, ஒன்றை உம்மாவின் கைப்பையிலும் இன்னொன்றை மகன் வீட்டுக் குளிர்சாதனப் பெட்டியின் கதவிலும் வையுங்கள்.