கறெற் போனார், யந்திரம் நின்றது

1820 ஆகஸ்டில் யாழ்ப்பாணத்துக்கு வந்துசேர்ந்த ஜேம்ஸ் கறெற் பாதிரியார் அல்லர், அச்சுக்காரர். அமெரிக்க மிஷனின் அச்சியந்திரத்தை ஓட்டத்தான் அவரை அனுப்பியிருந்தார்கள். 1816இல் முதல் அமெரிக்கப் பாதிரிமாரைத் தெல்லிப்பழையிலும் வட்டுக்கோட்டையிலும் குடியிருக்க விட்ட தேசாதிபதி பிரவுண்றிக் அப்போது ஊர் திரும்பிவிட்டார். அவருக்குப்பின் ஆட்சியில் இருந்த எட்வர்ட் பார்ன்ஸ் இனி ஒரு அமெரிக்கரும் வேண்டாம் என்றுவிட்டார். மூன்று மாதத்துக்குள் தீவை விட்டுப் போகும்படி கறெற்றுக்கு உத்தரவு. அவர் பம்பாய் மிஷன் அச்சுக்கூடத்துக்குப் போய் 1831இல் அங்கேயே கண்மூடினார்.

ஆளை விரட்டியாயிற்று, யந்திரத்தை என்ன செய்வது? நல்லூரில் இருந்த ஆங்கிலேய சேர்ச் மிஷனிடம் கொடுத்தார்கள். அவர்களுக்குத் தடை இல்லை.

கையில் யந்திரம் இல்லாத அந்தப் பதினாலு வருடமும் அமெரிக்கப் பாதிரிமார் செய்ததைச் சுருக்கமாகச் சொன்னால், இருந்தார்கள். அதே 1820இல் வந்த லெவி ஸ்போல்டிங், இடையில் ஒருமுறை அமெரிக்கா போய்வந்ததைத் தவிர, 1873இல் சாகும்வரை இந்த மண்ணிலேயே இருந்தார். மணலில் எழுதிப் படிக்கும் பிள்ளைகளோடும் ஓலை வாசிக்கும் பெரியவர்களோடும் பழகித்தான் அவர் தமிழைப் பிடித்தார். அந்தத் தமிழ் இல்லாமல் யந்திரம் மட்டும் முன்னமே ஓடியிருந்தால் யாருக்கும் விளங்காத துண்டுப்பிரசுரங்கள்தான் குவிந்திருக்கும் என்பது என் எண்ணம்.

1834இல் மைனர் என்ற அச்சுக்காரர் வந்தார். பார்ன்ஸின் காலம் முடிந்திருந்ததால் அவரை யாரும் மறிக்கவில்லை. நல்லூர் அச்சியந்திரமும் மிஷன் கைக்குத் திரும்பி, மானிப்பாயில் அச்சுக்கூடம் எழுந்தது. 1841 ஜனவரி 7இல் தமிழும் ஆங்கிலமுமாக ‘உதயதாரகை’ வந்தது. நடத்தியவர்கள் ஹென்றி மார்ட்டின், சேத் பேசன். பெயரைக் கேட்டு ஏமாற வேண்டாம், இருவரும் வட்டுக்கோட்டை செமினறியில் படித்த நம்மூர்த் தமிழர். மறுவருடம் மானிப்பாய் அகராதி. உடுவில் சந்திரசேகர பண்டிதரும் பாதிரிமாரும் சேர்த்த ஏறத்தாழ 58,500 சொற்கள். பிறகு மிஷன் டொக்டர் கிறீனின் வைத்திய நூல்கள். 1847இல் வந்த இந்த மனிதர், நோயாளியின் மொழியில் வைத்தியம் படிக்காதவன் எப்படி வைத்தியனாவான் என்று பிடிவாதம் பிடித்தவர். மானிப்பாயில் தம் மாணவர்களுக்குத் தமிழிலேயே சொல்லிக்கொடுத்தார். அவர்கள் காற்சட்டைக்கு மாறுவதும் அவருக்குப் பிடிக்கவில்லை. அவருடைய ‘இரணவைத்தியம்’ 1867இல் மானிப்பாயிலேயே அச்சானது.

அச்சின் பலத்தை வேறொருவரும் கிட்ட நின்று பார்த்துக்கொண்டிருந்தார். வெஸ்லியன் மிஷனின் பேர்சிவல் பாதிரியாரோடு பைபிள் மொழிபெயர்ப்பில் உழைத்த ஆறுமுக நாவலர், 1849இல் சென்னையிலிருந்து சொந்தமாக ஒரு யந்திரம் வாங்கிவந்து, சைவ நூல்களை அச்சிட வண்ணார்பண்ணையில் நிறுத்தினார். மிஷன் சைவத்துக்குச் செய்த பெரிய உபகாரம் இதுதான், விரும்பாமல் செய்தது.

1855இல் மிஷனின் தலைமையகம் இருந்த பொஸ்ரனிலிருந்து றூபஸ் அண்டர்சன் தலைமையில் ஒரு குழு வந்து கணக்குப் பார்த்தது. செமினறியை மூடியது. அச்சுக்கூடமும் மிஷன் கையை விட்டு ஊர்க் கிறிஸ்தவர்களிடம் போனது. செமினறி மூடப்பட்டதற்காக இன்றும் அந்தக் குழுவைத் திட்டுகிறவர்கள் உண்டு, நியாயம்தான். அச்சுக்கூட விஷயத்தில் எனக்கு அவ்வளவு கோபமில்லை. 1857இல் ‘உதயதாரகை’யின் ஆசிரியப் பொறுப்பை ஏற்ற ஆர்னல்ட் சதாசிவம்பிள்ளை, 1896இல் இறக்கும்வரை, முப்பத்தொன்பது வருடம், அதை விடவில்லை. தமிழ்ப் புலவர்களின் வாழ்க்கையைத் தொகுத்த ‘பாவலர் சரித்திர தீபகம்’ 1886இல் அவர் எழுதி மானிப்பாயில் அச்சானது. அவர் பிறந்தது 1820இல், கறெற் வந்து இறங்கிய அதே வருடம். இங்கே இருக்க அவருக்குத் தேசாதிபதியின் அனுமதி தேவைப்படவில்லை.