ஒப்புக்குச் சப்பாணி: ஒரு சொற்பொருள் ஆய்வு

ஒருவர்க்கு அவையில் இடம் அளித்தல் ஒன்று. அவர் சொல்லால் அவையின் முடிவு மாற இசைதல் மற்றொன்று. முன்னதை மட்டும் செய்து, பின்னதையும் செய்தாற்போற் காட்டுதலை ஆங்கிலத்தார் 'டோக்கனிசம்' என்பர். அமெரிக்கக் கறுப்பின மக்களின் உரிமைப் போராட்டக் காலத்தே இச்சொல் பெருவழக்குற்றது. வெள்ளையர் பள்ளியில் ஓரிரு கறுப்பினச் சிறுவரைச் சேர்த்த அளவில் நீதி நிறைவேறிற்று என்பாரை மறுத்து, மார்ட்டின் லூதர் கிங் 1962 இல் இப்பொருள்பற்றித் தனிக் கட்டுரையே வரைந்தார்.

தமிழில் இதற்கு நேரான வழக்கு உண்டு. சிறுவர் விளையாட்டில் இளங்குழந்தையைச் சேர்த்துக்கொண்டு, அதன் ஆட்டத்தைக் கணக்கிற் கொள்ளாமையை 'ஒப்புக்குச் சப்பாணி' என்பர். பேச்சில் இஃது 'உப்புக்குச் சப்பாணி' எனவும் திரியும். பிள்ளைத்தமிழின் சப்பாணி கைகொட்டுதலாகும், அது வேறு.

இவ்வழக்கின் பொருளை உரைத்துப் பார்த்தற்கு அடையாற்றின் கழிமுகத்தை அடுத்த ஊரூர் ஒல்காட் குப்பம் தக்கதொரு களமாகும். 2015 இல் இம்மீனவர் குப்பத்தில், பாடகர் டி. எம். கிருஷ்ணா, எழுத்தாளர் நித்தியானந்த் ஜெயராமன் முதலியோர் குப்பத்து மக்களோடு கூடிக் கலைவிழா ஒன்றைத் தொடங்கினர். சபாக்களுக்கே உரியதாயிருந்த கருநாடக இசை கடற்கரை மணலில் ஒலித்தது. பரதமும் பறையும் ஒரே விழாவில் இடம்பெற்றன.

ஒருநாட் கச்சேரியாற் சாதி வேறுபாடு நீங்குமோ என வினவுவார் உளர். வினா தக்கதே. எனினும் விழா நிகழ்ந்த இடத்தை மட்டும் கொண்டு விடை காணல் இயலாது. ஷெரி ஆர்ன்ஸ்டைன் 1969 இல் மக்கள் பங்கேற்பை எட்டுப் படிகளாக வகுத்தார். அறிவித்தல், கருத்துக் கேட்டல், அமைதிப்படுத்தல் என்னும் இடைப்படி மூன்றும் ஒப்புக்கு அளிப்பனவே. முடிவுரிமை அவற்றிற்கு மேற்பட்டது. ஆகவே, விழாவை வகுப்பதில் குப்பத்தார்க்கு உள்ள உரிமையே அளவுகோலாதல் வேண்டும்.

இவ்வளவுகோல் கலைக்கு மட்டும் உரியதன்று. 2011 ஆம் ஆண்டுக் கடற்கரை ஒழுங்குமுறை அறிவிக்கை மீனவரின் பொதுநிலங்களையும் மீன் உலர்த்தும் களங்களையும் வரைபடத்திற் குறிக்கப் பணித்தது. வரைந்து முடித்த படத்தைக் காட்டிக் கருத்துக் கேட்பின் மீனவர் ஒப்புக்குச் சப்பாணியாவர். எல்லையை அவரும் உடனிருந்து வரையின் பங்காளராவர். பாட்டு முடிந்த மறுநாளும் வலை உலர்த்த மணல் வேண்டுமன்றோ? அம்மணல்பற்றிய முடிவில் அவர்தம் சொல் செல்லுமாயின், அதுவே மெய்யான பங்கேற்பு எனத் துணியலாம்.